சும்மா ஒரு நடை

என் அம்மா பெரியகுளத்தில் பிறந்து, பெரியகுளத்திலேயே வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் வடக்கே கொடைக்கானல் மலை தெரியும். மிளகாய் காயவைக்கவும், வடகம் பிழியவும், துணி உலர்த்தவும் அம்மா ஒரு நாளைக்கு நான்கு முறையாவது மாடிக்கு ஏறுவார். ஏறும்போதெல்லாம் அந்த மலை அவர் கண்முன் நிற்கும். மஃக்ரிபுக்குப் பின் அதன் உச்சியில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அதைப் பார்த்திருக்கிறார். நேர்க்கோட்டில் அளந்தால் அந்தத் தொலைவு 15 கிலோமீட்டர்கூட இராது. ஆனால் அவர் அங்கே போனது மூன்றே முறை. மூன்றும் பெருநாளுக்கு மறுநாள் உறவினர் கூட்டத்தோடு வேனில் ஏறிப்போய், ஏரிக்கரையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து உண்டு, அன்று மாலையே இறங்கிவந்த பயணங்கள்.

கொடைக்கானலில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் குளிரும் தனிமையும் வாட்டின. பிறகு இந்த ஊரின் நடைபாதைகளை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டேன். விடுமுறை நாள்களில் கணவரோடும் மகனோடும் நடப்பேன். சில நாள்களில் உடன் பணியாற்றும் ஆசிரியைகளோடு நடப்பேன். பெரியகுளம் போகும்போது கைப்பேசியில் இருக்கும் படங்களை அம்மாவிடம் காட்டுவேன். ஒவ்வொன்றையும் நிதானமாகப் பார்த்து, "மாஷா அல்லாஹ்" என்பார். "நீங்களும் வாங்கம்மா" என்று நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை. முழங்கால் வலி, சர்க்கரை நோய், வீட்டு வேலை, அத்தாவின் உடல்நிலை என்று காரணங்கள் தயாராக இருந்தன. அவற்றை அம்மா சொல்லவில்லை. அவருக்காக நானே சொல்லிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அத்தா வஃபாத்தானார்கள். இத்தாவின் நான்கு மாதம் பத்து நாள்களை அம்மா அந்த வீட்டின் உள்ளறையில் கழித்தார். இத்தா முடிந்ததும் அவரை என்னோடு மலைக்கு அழைத்து வந்தேன். மருத்துவர் அவரை நாள்தோறும் நடக்கச் சொல்லியிருந்தார். "வாங்கம்மா, கொஞ்சம் வெளியே போயிட்டு வருவோம்" என்று முதல் நாள் காலையில் கூப்பிட்டேன்.

"எதுக்கு? ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம். சும்மா நடந்துட்டு வருவோம்."

"சும்மாவா?" அம்மா என்னை விளங்காமல் பார்த்தார். "சும்மா தெருவுல நடக்குறதா? நான் அப்படி நடந்ததே இல்லயே கண்ணு."

அது உண்மை. குழாயடிக்கு நடந்திருக்கிறார், ரேஷன் கடைக்கு நடந்திருக்கிறார். எனக்கும் அண்ணனுக்கும் மதியச் சோறு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறார். பிள்ளைப்பேறு பார்க்கவும் மவ்த்து வீட்டுக்கும் நடந்திருக்கிறார். கடைசி இரண்டு ஆண்டுகள் அத்தாவைத் தாங்கிக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் நடந்திருக்கிறார். அறுபத்தொரு வயதுக்குள் அவர் கால்கள் நடந்த தொலைவைக் கணக்கிட்டால் எந்த மலையையும் பலமுறை ஏறி இறங்கிவிடலாம். ஆனால் ஒரு காரியத்துக்காக அல்லாமல் ஓரடிகூட எடுத்துவைத்ததில்லை.

எனவே நான் ஒரு காரியத்தைக் கண்டுபிடித்தேன். அண்ணன் அம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருந்தார். "ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் நடுவுல ஏழு தடவை நடக்கணும். அதுவே 3 கிலோமீட்டருக்கு மேல வரும். தவாஃப் தனி. இப்பவே பழகினாத்தான் அங்கே போய் சிரமப்படாம இருக்கலாம்" என்றேன். அம்மா உடனே எழுந்து புர்காவை எடுத்தார்.

ஏரியைச் சுற்றி

முதலில் அவரை அழைத்துச் சென்றது ஏரிச் சாலைக்கு. கொடைக்கானலுக்கு வரும் எந்தக் குடும்பமும் முதலில் நடக்க வேண்டிய பாதை இதுதான். 1863ஆம் ஆண்டில் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி இது. நட்சத்திரம்போல் கைகளை விரித்துக் கிடக்கிறது. அதைச் சுற்றிவரும் சாலை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்களும், சிறு பிள்ளைகளும், கருவுற்ற பெண்களும் தங்கள் அளவுக்கு நடந்து திரும்பலாம்.

ஆனால் நேரம் முக்கியம். பகல் பத்து மணிக்கு மேல் அந்தச் சாலையில் வாகனங்களும் வாடகை மிதிவண்டிகளும் சவாரிக் குதிரைகளும் நிறைந்துவிடும். சுபுஹு தொழுதுவிட்டு இறங்கினால் நீரின்மேல் வெண்புகைபோல் பனி எழுந்து நகர்வதைப் பார்க்கலாம். அந்த நேரத்தில் பறவைகளின் ஒலியும் நம் காலடி ஓசையும் தவிர வேறு சத்தம் இராது.

அம்மா முதல் மூன்று நாள் கடைக்குப் போவதுபோலவே நடந்தார். தலை குனிந்திருந்தது, நடையில் அவசரம் இருந்தது. நடுவில் நின்று, "எத்தனை ஸயீ ஆயிருக்கும்?" என்று கேட்பார். ஏரியை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. எதிரே யாராவது வந்தால் முந்தானையை இழுத்து விடுவதுபோல் கை தானாக உயரும். நானும் அவசரப்படுத்தவில்லை. நான்காம் நாள், வளைவு ஒன்றில் சட்டென நின்றார். நீருக்கு மேலே மேகத் துண்டு ஒன்று மெல்ல இறங்கிவந்துகொண்டிருந்தது. அது கரையைத் தொட்டுக் கலையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அன்று ஸயீக் கணக்குக் கேட்கவில்லை.

கோக்கர்ஸ் வாக்

இரண்டாவது வாரம் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872ஆம் ஆண்டில் கோக்கர் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி அமைத்த நடைபாதை இது. மலையின் செங்குத்தான விளிம்பை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் செல்கிறது. நடைபாதை சீராக இருப்பதாலும் ஓரத்தில் தடுப்பு இருப்பதாலும் முதியவர்களை அச்சமின்றி அழைத்துச் செல்லலாம். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சிறு கட்டணம் உண்டு.

இங்கும் காலையே சிறந்தது. வெயில் ஏறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழுந்துவந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பின்னால் சூரியனும் எதிரே மேகமும் சரியாக அமைந்த சில வேளைகளில், நம் நிழலே வண்ண வளையத்தோடு மேகத்தின்மீது விழுவதையும் இங்கே காணலாம். ஒன்பது ஆண்டுகளில் இரண்டே முறை எனக்கு அது வாய்த்தது.

நாங்கள் போன அன்று வானம் தெளிந்திருந்தது. கீழே சமவெளி விரிந்து கிடந்தது. வைகைப் பள்ளத்தாக்கும், வயல்களும், மாந்தோப்புகளும், வெயிலில் மின்னும் நீர்நிலைகளும் தெரிந்தன. "அதோ அங்கே தெரியுது பாருங்கம்மா, அதுதான் பெரியகுளம்" என்று காட்டினேன்.

அம்மா கம்பித் தடுப்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். "நம்ம ஊரா?" என்றார். வராக நதி எந்தப் பக்கம், பெரிய பள்ளிவாசல் எந்தப் பக்கம், நம் தெரு எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவ்வளவு தொலைவிலிருந்து எதையும் பிரித்தறிய முடியாது. இருந்தும் நான் தோராயமாக விரலை நீட்டிச் சொன்னேன்.

"அங்கேருந்து நான் இதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். இங்கேருந்து அதைப் பார்ப்பேன்னு நெனைக்கவே இல்ல" என்றார். சற்று நேரம் கழித்து, குரல் தாழ்ந்து, "மையவாடி எந்தப் பக்கம் இருக்கும்?" என்று கேட்டார்.

நான் காட்டிய திசையை நோக்கி நின்று அவர் உதடுகள் அசைந்தன. அத்தாவுக்காக ஓதுகிறார் என்று அறிந்து நான் விலகிப்போய் ஒரு பெஞ்சில் அமர்ந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் சேர்ந்து எங்கேயாவது சும்மா நடந்திருப்பார்களா என்று எண்ணிப் பார்த்தேன். என் நினைவில் அப்படி ஒன்றும் இல்லை. அத்தா தினமும் சுபுஹு தொழுதுவிட்டு நண்பர்களோடு ஆற்றுப் பாலம்வரை நடப்பார்கள்; தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவார்கள். அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் இருப்பார். அதில் ஏதோ குறை இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் பயணம் ஒன்றில் தம் தோழர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை நாம் எல்லோரும் சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறோம், கேட்டுப் புன்னகைத்திருக்கிறோம். நம் வீட்டுப் பெண்களுக்கும் திறந்த வெளியில் ஒரு நடை வேண்டியிருக்கும் என்பதை அதிலிருந்து எத்தனை பேர் எடுத்துக்கொண்டோம்?

சோலையும் பைன் காடும்

அடுத்த வாரங்களில் சிறு பாதைகள் சிலவற்றை நடந்தோம். பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டரில் உள்ள பியர் சோலா அருவிப் பாதை மழைக்காலத்துக்குப் பின் அழகாக இருக்கும். ஒரு காலத்தில் கரடிகள் நீர் அருந்த வந்த இடம் என்பதால் அந்தப் பெயர். கடைசிப் பகுதி மண்ணும் வேருமாக இருக்கும். ஈரக் காலத்தில் அட்டைகள் உண்டு. பைன் காடும் தூண் பாறையும் ஊரிலிருந்து சற்றுத் தள்ளி இருப்பவை. அங்கே வாகனத்தில் போய்ச் சிறிது நடக்கலாம். சுமார் 400 அடி உயரத்துக்கு நிற்கும் அந்த மூன்று பாறைகளையும் பார்க்க மேகம் வழிவிட வேண்டும். நாங்கள் போன அன்று வழிவிடவில்லை. பைன் மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நடப்பட்டவை என்பதையும், இந்த மலைக்கே உரியவை அடர்ந்த சோலைக் காடுகளும் புல்வெளிகளும்தான் என்பதையும் என் மகன் தன் நன்னிக்கு விளக்கிச் சொன்னான். "அப்போ இதுவும் வாழ்க்கைப்பட்டு வந்த மரம்தானா?" என்று கேட்டார் அம்மா.

வட்டக்கானல்

இனி நான் சொல்ல வேண்டியது என் தவறைப் பற்றி.

ஏரியையும் கோக்கர்ஸ் வாக்கையும் அம்மா எளிதாக நடந்ததால் எனக்குத் துணிவு வந்துவிட்டது. ஊரிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில் உள்ள வட்டக்கானல் சிற்றூருக்குப் போய், அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு நடப்பது என்று திட்டமிட்டேன். பள்ளத்தாக்கின்மேல் மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான பாறை அது. அதற்குச் செல்லும் பாதை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டருக்குமேல் இறக்கமாகவே போகும். மர வேர்களே பல இடங்களில் படிகளாக இருக்கும். இறங்குவது எளிது. திரும்பி ஏறுவதுதான் கடினம். இதை நன்கு அறிந்தவள் நான். ஆயினும் அன்று வியாழக்கிழமை எனக்கு விடுப்புக் கிடைத்திருந்தது. மகனுக்கும் பள்ளி இல்லை. அந்த நாளை வீணாக்க மனமில்லை.

காலை ஒன்பதரைக்கு இறங்கத் தொடங்கினோம். அம்மா ஒரு கையில் கோலும் மறு கையில் என் மகனின் தோளுமாக மெதுவாக வந்தார். நான் முன்னே போய்ப் படம் எடுப்பதும், காத்திருப்பதும், மறுபடி முன்னே போவதுமாக இருந்தேன். வழியில் தண்ணீர்ப் புட்டியை நீட்டியபோது, "அப்புறம் குடிக்கிறேன்" என்றார். பேரீச்சம்பழம் கொடுத்தபோது பையில் போட்டுக்கொண்டார். நான் அதைக் கவனித்தும் கவனிக்கவில்லை.

பாறையை அடைந்து, சற்றுத் தள்ளியே அமர்ந்து, பள்ளத்தாக்கைப் பார்த்தோம். ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் அம்மாவின் நடை குழறியது. ஒரு வேரின்மேல் அமர்ந்துவிட்டார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. கைகள் நடுங்கின. "என்னம்மா பண்ணுது?" என்று கேட்டால் பதில் பொருத்தமில்லாமல் வந்தது. "அடுப்பை அணைச்சிட்டியா?" என்று என்னைக் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

பதில் சொன்னது என் மகன்தான். "நன்னி நோன்பும்மா. ஸஹர்ல எழுந்து சாப்பிட்டாங்க. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

வியாழன் நோன்பு. ஸஹரில் இரண்டு வாய் சோறும் சர்க்கரை மாத்திரையும். சொன்னால் நான் நடையை ஒத்திவைத்துவிடுவேன், எனக்குக் கிடைத்த விடுப்பு வீணாகிவிடும் என்று மறைத்திருக்கிறார். அத்தனை வயதிலும் அவர் யாரோ ஒருவரின் காரியத்துக்காகவே நடந்துகொண்டிருந்தார். அந்த யாரோ ஒருவர் நான்.

வளைவுக்கு மேலே தேநீரும் ஆம்லெட்டும் விற்கும் சிறு கடை ஒன்று இருந்தது. மகன் ஓடிப்போய் அந்தக் கடைக்கார அக்காவை அழைத்துவந்தான். அவர் வரும்போதே ஒரு குவளையில் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்தார். அம்மா உதடுகளை இறுக்கிக்கொண்டு தலையை அசைத்தார். "மஃக்ரிபுக்கு எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டார்.

"அம்மா, இது சுன்னத்தான நோன்புதான். உடம்புக்கு ஆபத்துன்னா ஃபர்ளு நோன்பையே விடலாம். குடிங்கம்மா" என்று கெஞ்சினேன். நான் அழுவதைப் பார்த்த பிறகே வாயைத் திறந்தார். "பிஸ்மில்லாஹ்" சொல்லி மூன்று மிடறில் குடித்தார். பிறகு பேரீச்சம்பழம் இரண்டு உண்டார். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. பேச்சு நிதானத்துக்கு வந்தது. அல்ஹம்து லில்லாஹ்.

கடையின் பலகையில் ஒரு மணி நேரம் ஓய்வெடுத்தோம். ரொட்டியும் முட்டையும் உண்டார். அந்த அக்கா பள்ளத்தாக்கில் கீழே இருக்கும் வெள்ளகவி என்னும் ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊருக்கு நெடுங்காலமாகச் சாலை இருந்ததில்லை. அரிசி, பருப்பு, மருந்து எல்லாம் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ போக வேண்டியிருந்தது. ஊருக்குள் காலில் செருப்பு அணிவதில்லை என்பது அவர்கள் வழக்கம். "நீங்கல்லாம் பார்க்கறதுக்கு நடக்குறீங்க. நாங்க பொழப்புக்கு நடக்குறோம்" என்று அவர் சொன்னார். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை, உள்ளதைச் சொன்னார்.

"நானும் அப்படித்தாம்மா நடந்தேன், இத்தனை காலமும்" என்றார் அம்மா.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று அம்மா கேட்டார். "எங்க ஊர் வழியா கீழே இறங்கினா கும்பக்கரை வரும்" என்றார் அவர். பெரியகுளத்துக்கு அருகில் உள்ள கும்பக்கரை அருவி அம்மா சிறுமியாக இருந்தபோது குளித்த இடம். சாலை வருவதற்கு முன் பெரியகுளம் பக்கத்து மலையடிவாரத்திலிருந்துதான் மக்கள் கொடைக்கானலுக்கு நடந்தும், டோலியிலும் ஏறினார்கள் என்று நான் படித்திருந்ததைச் சொன்னேன். தான் மாடியிலிருந்து பார்த்த மலையையும் தன் ஊரையும் கால்கள் இணைத்திருந்தன என்பதைக் கேட்டு அம்மா வியந்துபோனார்.

லுஹர் நேரம் வந்தது. புட்டித் தண்ணீரில் ஒளு செய்துகொண்டு, மேற்குக்குச் சற்று வடக்காகத் திரும்பி, கடையின் ஓரத்தில் விரிப்பைப் போட்டுத் தொழுதோம். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதன் பொருளை அன்று என் நெற்றி அந்தக் குளிர்ந்த மண்ணின்மீது பட்டபோது உணர்ந்தேன். பிறகு, ஐம்பது அடிக்கு ஒருமுறை நின்று, பத்து நிமிடம் நடந்தால் ஐந்து நிமிடம் அமர்ந்து, மேலே வந்து சேர்ந்தோம். இம்முறை அம்மா முன்னே நடந்தார். நான் பின்னே நடந்தேன்.

குடும்பத்தோடு நடப்பவர்களுக்கு

அன்று கற்றுக்கொண்டவற்றை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நடையின் வேகத்தை, கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் தீர்மானிக்கட்டும். அவரே முன்னால் செல்லட்டும். முன்னே ஓடிவிட்டுக் காத்திருப்பது உதவி ஆகாது. பின்னால் வருபவர் மூச்சு வாங்கி வந்துசேரும்போது நாம் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுகிறோம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவர்கள் வெறும் வயிற்றில் மலைப்பாதையில் நடக்கக் கூடாது. சில மாத்திரைகளும் இன்சுலினும் அப்படிப்பட்ட நேரத்தில் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, பொருத்தமற்ற பேச்சு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவ உதவிக்கு விரைய வேண்டும். நோன்பு வைப்பவர்கள் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டாரிடம் மறைக்காதிருப்பது அதைவிட நல்லது.

பிடிப்புள்ள காலணி, குளிருக்கு ஒரு மேலாடை, மழைக்கு ஓர் உறை, தேவைக்குமேல் ஒரு புட்டித் தண்ணீர் ஆகியவை போதும். புட்டி எஃகினால் ஆனதாக இருக்கட்டும். உண்ட உறைகளைத் திரும்ப எடுத்து வாருங்கள். காட்டுப் பாதைகளில் கழிப்பிடம் இராது என்பதைப் பெண்கள் முன்கூட்டியே கருத்தில் கொள்ள வேண்டும். காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. அவற்றைக் கண்டால் நின்று வழிவிடுங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். மேகம் இறங்கினால் பாதை மறைந்துவிடும்; அஸருக்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டால் தொழுகையும் தவறாது, வழியும் தவறாது.

டால்பின் நோஸைத் தாண்டி வெள்ளகவி, கும்பக்கரை என்று இறங்கும் பாதை கடினமானது. வழி அறிந்தவர் துணையும் வனத்துறையின் அனுமதியும் இன்றி யாரும் முயலக் கூடாது. பேரிஜம் ஏரிக்கும் வனத்துறை அனுமதி தேவை. கோடையில் காட்டுத் தீ அச்சத்தால் வனப் பாதைகள் மூடப்படுவதுண்டு. 2018 மார்ச் மாதத்தில், தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூடிய பாதை மூடிய பாதையாகவே இருக்கட்டும். வெளியூரிலிருந்து சொந்த வாகனத்தில் வருவோர் 2024 மே மாதத்திலிருந்து இணையவழி இ-பாஸ் பெற்றுவர வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மீண்டும் ஏரிக்கரையில்

வட்டக்கானலுக்குப் பின் ஒரு வாரம் நான் அம்மாவை எங்கும் அழைக்கவில்லை. அச்சமும் குற்ற உணர்வும் என்னைத் தடுத்தன. முழங்கால் வலி, சர்க்கரை என்று பழைய காரணங்களை மறுபடி எனக்குள் அடுக்கத் தொடங்கியிருந்தேன். உம்ராவுக்கும் இன்னும் சில மாதங்கள் இருந்தன. பொறுத்துப் பழகலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

எட்டாம் நாள் சுபுஹு தொழுதுவிட்டு நான் விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா புர்கா அணிந்து, காலுறை மாட்டி, வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் சிறு பை. அதில் தண்ணீரும், பேரீச்சம்பழமும், பொட்டலமாக மடித்த சர்க்கரையும் இருந்தன.

"எங்கேம்மா கிளம்பிட்டீங்க? ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டேன். கேட்ட பிறகே அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

அம்மா சிரித்தார். "ஒண்ணும் வாங்க வேண்டாம் கண்ணு. இட்லி சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு. சும்மா ஒரு நடை போயிட்டு வருவோம் வா."

ஏரிக்கரையில் அன்று பனி அடர்த்தியாக இருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அம்மா நிதானமாக, தலை நிமிர்ந்து நடந்தார். நான் அரை அடி பின்னால் நடந்தேன். எவ்வளவு தூரம் ஆயிற்று என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் மாடியிலிருந்து ஏதோ ஒரு மலையையோ ஆற்றையோ கடற்கரையையோ பார்த்துக்கொண்டே இருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காக நீங்கள் அடுக்கி வைத்திருக்கும் காரணங்களை ஒருநாள் ஓரமாக வைத்துவிட்டு, அவரையே கேட்டுப் பாருங்கள். நம் பெற்றோருக்கு உடல் நலத்தையும், நமக்கு அவர்களோடு நடக்கும் நாள்களையும் அல்லாஹ் நீட்டித்துத் தருவானாக. ஆமீன்.